மாடு சினை நிற்கவில்லையா? காளையையும் பாருங்கள்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் 14 கறவை மாடுகளும் இனப்பெருக்கத்துக்கென்று ஒரு பொலிகாளையும் வைத்துப் பண்ணை நடத்துகிறேன். ஆரம்பித்த புதிதில் நான் செய்த பெரிய தவறு, இரண்டு நல்ல மாடுகளை மலடு என்று முடிவு கட்டி காரிமங்கலம் சந்தையில் விற்றது. அதில் ஒன்றை வாங்கிப்போன ராயக்கோட்டைக்காரரை அடுத்த வருடம் பார்த்தேன். "உங்க மாடு ரெண்டாவது ஊசியிலயே நின்னுடுச்சுங்க, கிடேரிக் கன்னு" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் கொட்டாயில் கட்டியிருந்த காளையைச் சந்தேகத்தோடு பார்த்தேன். அதுவரை அதன் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. நல்ல உடம்பு, திமிர், பருவத்துக்கு வந்த மாட்டைக் கண்டால் கயிற்றை அறுக்கும் வேகம். பிறகு என்ன குறை இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

ஒரு மாட்டுக்குக் கோளாறு என்றால் அந்த மாட்டின் கன்று மட்டும்தான் போகும். காளைக்குக் கோளாறு என்றால் அது சேர்ந்த அத்தனை மாடுகளின் கன்றும் போகும், அந்த வருடத்துப் பாலும் சேர்ந்து போகும். புதிதாகப் பண்ணை வைத்து, காளையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காக, எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

காளை வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள்

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பெரும்பாலானவர்கள் சினை ஊசி என்கிற செயற்கைக் கருவூட்டலைத்தான் நம்பியிருக்கிறோம். அது நல்லதும்கூட. ஓசூர் மத்திகிரியில் இருக்கும் அரசு கால்நடைப் பண்ணையிலேயே அதற்கான உறைவிந்து (உறையவைத்த விந்து) தயாரிக்கிறார்கள். அந்தக் காளைகளுக்குக் காசநோய், கன்று வீச்சு நோய் எல்லாவற்றுக்கும் முறையாகப் பரிசோதனை நடக்கிறது. நம் வீட்டுக் காளைக்கு அப்படி யார் செய்கிறார்கள்? ஐந்தாறு மாடு வைத்திருப்பவர் ஒரு காளைக்குத் தீனி போடுவது கட்டுப்படியாகாது.

ஆனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம், பென்னாகரத்தில் உள்ளடங்கிய ஊர்கள் என்று, நேரத்துக்கு ஊசி போட ஆள் வர முடியாத இடங்கள் இருக்கின்றன. ஆலம்பாடி போன்ற நாட்டு மாடு வைத்திருப்பவர்கள் காளையை விட்டுவிடவும் கூடாது. இன்னொன்று, மாடு பருவத்துக்கு வந்ததை நாம் தவறவிட்டாலும் காளை தவறவிடாது. இந்தக் காரணங்களுக்காக வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் சரி. தமிழ்நாட்டில் 2019ல் மாட்டின இனப்பெருக்கத்துக்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. இனப்பெருக்கத்துக்கு விடும் காளைக்குச் சான்று வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, செய்ய வேண்டியதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

முதல் வேலை: நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். மாட்டின் பெயர், பருவத்துக்கு வந்த தேதி, காளைக்கு விட்ட தேதியும் நேரமும், மறுபடி பருவத்துக்கு வந்தால் அந்தத் தேதி, சினைப் பரிசோதனை செய்த தேதி. இதோடு காளைக்கென்று தனிப் பக்கம்: காய்ச்சல், தடுப்பூசி, தீனி மாற்றம், நொண்டல், எதுவானாலும். அந்தத் தனிப் பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்றிரண்டு மாதம் எழுதினாலே நோட்டு பேச ஆரம்பித்துவிடும். எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

ஒரே ஒரு மாடு மட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது, மற்றவை நிற்கின்றன என்றால் கோளாறு அந்த மாட்டில். காளையை விட்டுவிட்டு மாட்டுக்கு வைத்தியம் பாருங்கள். காளைக்கு விட்ட நாலைந்து மாடுகளில் மூன்று நான்கு திரும்பி வருகின்றன, ஊசி போட்டவை மட்டும் நிற்கின்றன என்றால் காளை மேல் சந்தேகம் வந்தே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல காளையாக இருந்தாலும் முதல் சேர்க்கையிலேயே எல்லா மாடும் நிற்காது. பாதிக்கு மேல் நின்றால் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து, எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். சரியாக 21 நாள் வாக்கில் வந்தால் பெரும்பாலும் கரு உருவாகவே இல்லை என்று அர்த்தம். விந்தில் உயிரணு குறைவு, உயிரணுவில் குறை, அல்லது சேர்த்த நேரம் தவறு. 30, 35, 45 நாள் என்று தாறுமாறாகத் தள்ளிப்போய் வந்தால் கரு உருவாகிக் கலைந்திருக்கலாம். பல மாடுகளில் இப்படி நடந்தால், காளை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நோயைக் கடத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். இரண்டு நிலைமைக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் தேதி இல்லாமல் டாக்டரிடம் போகாதீர்கள் என்கிறேன். "நாலஞ்சு தடவை விட்டும் நிக்கலைங்க" என்று மட்டும் சொன்னால் அவரும் மாட்டுக்குத் தாது உப்பு எழுதிக் கொடுத்து அனுப்புவதைத் தவிர என்ன செய்வார்?

சந்தேகம் வந்தால் அன்றைக்கே காளையை நிறுத்துங்கள்

"இன்னும் ஒரு தடவை விட்டுப் பார்க்கலாம்" என்று ஒவ்வொரு தடவையும் 21 நாளை இழக்காதீர்கள். காளையைத் தனியாகக் கட்டுங்கள். பருவத்துக்கு வரும் மாடுகளுக்கு ஊசி போடுங்கள். காலையில் மாடு கத்தினால் அன்று மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். ஊசியில் மாடுகள் நிற்க ஆரம்பித்தால் அதுவே பாதிச் சாட்சி. ஊசியிலும் நிற்கவில்லை என்றால் கோளாறு தீனியில், தண்ணீரில், மாட்டின் கருப்பையில், அல்லது நீங்கள் பருவம் பார்க்கும் விதத்தில் இருக்கிறது.

அக்கம்பக்கத்து மாடுகளையும் அன்றோடு நிறுத்துங்கள். இது மனத்தாங்கல் வரக்கூடிய விஷயம்தான். என் பங்காளி ஒருவர் இரண்டு மாதம் பேசவில்லை. ஆனாலும் நோயுள்ள காளையை ஊர் மாடுகளுக்கு விட்டால் அந்தப் பாவம் நம்மைத்தான் சேரும்.

நடக்க விட்டுப் பாருங்கள்

காளையைக் கயிற்றில் பிடித்து, கெட்டியான தரையில் 50 அடி நடக்க விடுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பிறகு பின்னால் தள்ளி நின்று பாருங்கள். காளை மாட்டின் மேல் ஏறும்போது உடம்பு எடை முழுவதும் பின்னங்கால் இரண்டில்தான் நிற்கிறது. குளம்பில் புண், குளம்பு வளர்ந்து வளைந்திருப்பது, முழங்காலில் வீக்கம், இடுப்பு வலி, இதில் எது இருந்தாலும் ஆசையோடு மாட்டிடம் போகும்; முகரும்; முகவாயை மாட்டின் முதுகில் வைக்கும்; ஏறப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். பார்ப்பவர்கள் "காளைக்கு வீரியம் போச்சு" என்பார்கள். வலிக்கிறது என்பதுதான் உண்மை.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். மக்களின் பல்லும் எலும்பும் கெடாமல் இருக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, மாட்டுக்கு இன்னும் போர் தண்ணீர்தான் என்பது பல பண்ணைகளின் நிலைமை. ஃபுளோரைடு பல வருடம் உடம்பில் சேர்ந்தால் மாட்டுக்கும் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பு தடிக்கும், மூட்டு இறுகி நொண்டும். வருடக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்த காளை, பின்னங்காலில் நிற்க முடியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. போர் தண்ணீரை ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அளவு அதிகம் என்றால் மழைநீரையோ குழாய்த் தண்ணீரையோ கலந்தாவது கொடுங்கள்.

சேர்க்கையை முழுசாகப் பாருங்கள்

புதியவர்கள் செய்யும் தவறு, காளை ஏறியதும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவது. பக்கவாட்டில், பாதுகாப்பான தூரத்தில் நின்று கடைசிவரை பாருங்கள். உறுப்பு நேராக வெளியே வருகிறதா, பக்கமாக வளைகிறதா? அதில் மரு, புண், ரத்தம், சுற்றிக்கொண்ட மயிர் ஏதாவது உண்டா? உள்ளே போனதும் காளை ஒரே ஒரு தடவை ஓங்கி உந்தும். அந்த நொடியில் பின்னங்கால் இரண்டும் தரையிலிருந்து எழும்பும். அந்த உந்தல்தான் விந்து இறங்கியதற்கு அடையாளம். உந்தல் இல்லாமல் இறங்கினால் அது சேர்க்கையே இல்லை, நோட்டில் எழுதாதீர்கள். எல்லாம் சில நொடியில் முடிந்துவிடும் என்பதால் கண்ணை எடுக்கக் கூடாது. செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுவது நல்ல வழி.

மாட்டின் மேல் ஏறும் வேகம் வேறு, சினை பிடிக்க வைக்கும் திறன் வேறு என்பதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். என்னை ஏமாற்றியது இதுதான். விதையில், அதாவது விரையில், ஆண்மைச் சுரப்பை உண்டாக்கும் செல்கள் தனி, உயிரணுவை உண்டாக்கும் செல்கள் தனி. சூட்டிலும் காய்ச்சலிலும் முதலில் அடிபடுவது உயிரணுவை உண்டாக்கும் பகுதி. சுரப்பு அப்படியே நிற்கும். அதனால் காளை வழக்கம்போல் சீறும், ஏறும், உந்தும். விந்தில் மட்டும் உயிர் இருக்காது.

விதையைத் தொட்டுப் பாருங்கள், நாடா வைத்து அளந்து பாருங்கள்

இதை, காளையை அசையாமல் பிடிக்கும் கட்டுச்சட்டத்தில் நிறுத்தி, மூக்கணாங்கயிற்றைப் பழகிய ஆள் பிடித்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) போன்ற சீமை இன ரத்தமுள்ள காளைகள் சாதுவாகத் தெரியும், திடீரென்று முட்டும். எத்தனை வருடம் வளர்த்திருந்தாலும் முதுகைக் காட்டி நிற்காதீர்கள். பயமாக இருந்தால் டாக்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விதைப்பை மேலே ஒடுங்கி, கீழே கனமாகத் தொங்க வேண்டும். இரண்டு விதையும் ஏறக்குறைய ஒரே அளவில், பைக்குள் தளர்வாக மேலும் கீழும் நகர வேண்டும். கையில் பிடித்து மெதுவாக அழுத்தினால் நல்ல விதை ரப்பர்ப் பந்துபோல் திரும்பி எழும்பும். அளிந்த தக்காளிபோல் கொளகொள என்று இருந்தால் விதை தேய்கிறது. கல்லுபோல் இறுகியிருந்தால் பழைய சேதம் ஆறித் தழும்பாகியிருக்கிறது. தொட்டதும் காளை துள்ளினால், ஒரு பக்கம் சூடாக வீங்கியிருந்தால், அது இப்போது நடக்கும் அழற்சி. அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு விதையின் அடியிலும் கொட்டைப்பாக்குபோல் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படும். தயாரான உயிரணுக்கள் தங்கும் இடம் அது. அது தட்டையாக, வெறுமையாக இருந்தால் அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறோம், அல்லது உற்பத்தி இல்லை.

தையற்காரர் வைத்திருக்கும் நாடா போதும். விதைப்பையின் கழுத்தை ஒரு கையால் மெதுவாகப் பிடித்து இரண்டு விதையும் அடியில் இறங்கச் செய்து, மிக அகலமான இடத்தில் சுற்றி அளக்க வேண்டும். சீமை இனக் காளைகளுக்கு 15 மாதத்தில் 30 செ.மீ., 2 வயதுக்கு மேல் 34 செ.மீ. இருக்க வேண்டும் என்பது உலக அளவில் பார்க்கும் கணக்கு. நாட்டு ரத்தம் கலந்தவை தாமதமாகப் பருவமடையும், சுற்றளவும் கொஞ்சம் குறைவாக இருக்கும். என்னைக் கேட்டால் ஒரு நாள் அளவைவிட மாதாமாதம் எடுக்கும் அளவுதான் உதவும். 33 இருந்த இடத்தில் 30 ஆனால், வெளியில் எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது.

ஒரே ஒரு விதை மட்டும் இறங்கிய காளையையும், பிறவியிலேயே விதை சிறுத்த காளையையும் வைத்தியம் பார்த்து வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். அந்தக் குறை கன்றுகளுக்கும் போகும்.

70 நாள் கணக்கு

இதுதான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல விரும்புவது. விதைக்குள் ஓர் உயிரணு முழுசாக உருவாக ஏறத்தாழ 60 நாள் ஆகும். பிறகு அந்தக் கொட்டைப்பாக்கு முடிச்சு வரை பயணம் செய்து முதிர 10 நாள் வாக்கில் ஆகும். ஆக, இன்றைக்குக் காளை விடும் விந்து 70 நாளுக்கு முன்னால் உருவாகத் தொடங்கியது. இன்றைக்குச் சினை நிற்கவில்லை என்றால் இன்றைய தீனியையும் இன்றைய உடம்பையும் மட்டும் பார்த்துப் பயனில்லை. இரண்டு, இரண்டரை மாதம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

என் காளையைப் பரிசோதிக்க வந்த டாக்டர், காளையைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "இதுக்குக் கடைசியா எப்பங்க காய்ச்சல் வந்துச்சு?" என்பதுதான். எனக்கு நினைவில்லை. என் மனைவிதான் யோசித்துச் சொன்னாள்: "மாங்காய் லோடு ஏத்தின வாரம், நாலு நாள் தீனி எடுக்காம படுத்திருந்துச்சே. உன்னிக் காய்ச்சல்னு ஊசி போட்டாங்களே." அது மே மாதம். நான் டாக்டரைக் கூப்பிட்டது ஆகஸ்டில். இடையில் அந்தக் காளைக்கு விட்ட ஒன்பது மாடுகளில் ஏழு திரும்பி வந்திருந்தன. காய்ச்சல் விட்டு, காளை தீனி எடுத்து, தெம்பாகிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். அந்த நாலு நாள் சூடு விதைக்குள் செய்த சேதம்தான் மூன்று மாதமாக வந்துகொண்டிருந்தது. நான் விற்ற இரண்டு மாடுகளும் இதேபோன்ற வேறொரு வருடக் கணக்கில் போனவைதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வருடத்துக்கு என்னிடம் நோட்டு இல்லை.

விதை உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான். உடம்புச் சூட்டைவிட 4, 5 டிகிரி குறைவாக இருந்தால்தான் உயிரணு ஒழுங்காக உருவாகும். காய்ச்சல் மட்டுமில்லை, நம் ஊர் வெயிலும் இதைக் கெடுக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுப்பகுதிக்காரர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை. ஊத்தங்கரை, அரூர், காவேரிப்பட்டணம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கொட்டாய்க்குக் கீழ் நிற்கும் சீமைக் காளையை யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலின் விளைவு ஆனி, ஆடியில் தெரியும். அப்போது மழை தூறிக் குளுகுளு என்று இருக்கும், யாருக்கும் வெயில் நினைவிருக்காது. விதைப்பையில் அடிபடுவது, தோல் சொறி, உன்னி மொய்ப்பது, அதிகக் கொழுப்பால் பையின் கழுத்துப் பகுதி தடிப்பது, இவையும் சூட்டைக் கூட்டும்.

இந்தக் கணக்குக்கு நல்ல பக்கமும் உண்டு. நிரந்தரச் சேதம் இல்லையென்றால், காரணத்தை நீக்கி 70 நாள் பொறுத்தால் புது உயிரணுக்கள் வந்துவிடும். நிழல், தண்ணீர், நல்ல தீனி, ஓய்வு. இதைத் தவிர அந்த 70 நாளைச் சுருக்கும் மருந்து கிடையாது.

"வீரியத்துக்கு" என்று சொல்லி ஆண்மைச் சுரப்பு ஊசி போட யாராவது வந்தால் விடாதீர்கள். என் காளைக்கு ஒருவர் போட்டார். வெளியிலிருந்து அந்தச் சுரப்பு வந்தால், மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும். இருக்கும் கொஞ்ச உற்பத்தியும் படுத்துவிடும். காளை இன்னும் வேகமாக ஏறும், நாம் ஏமாறுவோம்.

விந்துப் பரிசோதனை

உங்கள் ஊர் மருந்தகத்தில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம். எங்கே செய்வார்கள் என்று அங்கேயே கேளுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, அங்கும் விசாரிக்கலாம். 1962 என்ற எண் அவசரத்துக்கு. விதை வீக்கம், உறுப்பில் காயம் என்றால் அதற்கு அழைக்கலாம்.

செயற்கை யோனி என்ற வெந்நீர்க் குழாய் மூலமாகவோ மின்கருவி மூலமாகவோ விந்து எடுப்பார்கள். நல்ல விந்து கெட்டிப் பால்போல், பாலேடு நிறத்தில் இருக்கும். தண்ணீர் மாதிரி இருந்தால் உயிரணு குறைவு. இளஞ்சிவப்பு என்றால் ரத்தம், திரிதிரியாக இருந்தால் சீழ். நுண்ணோக்கியில் முதலில் அசைவைப் பார்ப்பார்கள். நல்ல விந்து மேகம் சுழல்வதுபோல் அலையடிக்கும். எனக்கு டாக்டர் காட்டியபோது அலை எதுவும் இல்லை. அங்கங்கே ஒன்றிரண்டு துடித்துக்கொண்டிருந்தன, மற்றவை சும்மா கிடந்தன. பலவற்றுக்குத் தலையும் வாலும் தனித்தனியாக இருந்தன. முன்னோக்கி நீந்துபவை 100க்கு 30ஆவது, உருவம் சரியாக இருப்பவை 100க்கு 70ஆவது இருந்தால் காளை தேறும் என்பது பொதுவான அளவுகோல்.

ஒரே ஒரு பரிசோதனையில் காளையைக் கழித்துவிடாதீர்கள். நெடுநாள் சும்மா இருந்த காளையின் முதல் விந்தில் பழைய, செத்த உயிரணுக்கள்தான் அதிகம் இருக்கும். அடுத்தடுத்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியில்லை என்றால் 70 நாள் கழித்து மறுபடி. என் காளை இரண்டாவது பரிசோதனையில், நவம்பரில், தேறியது.

இன்னொரு விஷயம்: கலப்பினக் காளைகளில் விந்துத் தரம் குறைவு என்பது நாடு முழுக்க விந்து நிலையங்கள் சந்திக்கும் பிரச்சினை. அங்கேயே பல காளைகளைக் கழிக்கிறார்கள். அதனால் பால் அதிகம் கறந்த தாயின் காளைக்கன்று என்ற ஒரே காரணத்துக்காகப் பரிசோதிக்காமல் பொலிகாளை ஆக்காதீர்கள்.

ரத்தமும் உறைக் கழுவலும்

நோட்டில் தாறுமாறான இடைவெளிகள் தெரிந்தால், மாடுகள் கன்று வீசினால், இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 5 மாதத்துக்கு மேல் சினை கலைந்தால் புரூசெல்லா என்ற கன்று வீச்சு நோய் மேல் முதல் சந்தேகம். காளைக்கு அது வந்தால் விதை வீங்கும். ரத்தத்தில் தெரிந்துவிடும். வைத்தியம் பார்த்து அந்தக் காளையை மறுபடி பயன்படுத்தும் வழி கிடையாது. இது மனிதருக்கும் தொற்றும்: விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, இரவு வியர்வை. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பச்சைப் பால் குடிக்கவே வேண்டாம். இதற்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும். காளைக்குப் போட்டால் அதுவே விதையைக் கெடுத்துவிடும்.

சேர்க்கையில் பரவும் வேறு இரண்டு நோய்கள் உண்டு, ட்ரைக்கோமோனாஸ், கேம்பிலோபேக்டர் என்று. காளைக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. உறுப்பு உறையின் மடிப்புகளுக்குள் கிருமி வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அந்த உறையைக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதித்தால்தான் தெரியும். அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் காளையை மாட்டுக்கு விடாமல் வைத்திருக்க வேண்டும்.

தீனி, கொட்டாய், ஓய்வு

பொலிகாளையைக் கறவை மாடுபோல் தின்னவைக்க வேண்டாம். விலா எலும்பு கண்ணுக்கு லேசாகத் தெரியும் உடம்புதான் சரி. பசுந்தீவனம், சோளத்தட்டு, அளவான அடர்தீவனம், தினமும் தாது உப்பு. துத்தநாகமும் வைட்டமின் ஏ-யும் குறைந்தால் விந்து கெடும். கோடையில் காய்ந்த தட்டு மட்டுமே போடும் நாட்களில் கொஞ்சமாவது பச்சை கொடுங்கள், முருங்கை, அகத்தித் தழையானாலும் சரி.

பருத்திக்கொட்டையும் பருத்திப் புண்ணாக்கும் கறவைக்கு நல்லது என்று காளைக்கும் சேர்த்தே அள்ளிப் போடுகிறோம். அதிலுள்ள காசிபோல் என்ற பொருள் உயிரணுவைக் கெடுக்கும். காளைத் தொட்டியில் அது வேண்டாம். கடலை, எள், தேங்காய்ப் புண்ணாக்கு போடுங்கள்.

கொட்டாய் உயரமாக, காற்றோட்டமாக இருக்கட்டும். தகரம் என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். மாமரத்து நிழலில் பகலெல்லாம் கட்டினால் அதைவிட நல்லது. கோடையில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றுங்கள், எந்நேரமும் தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். விடிகாலையில் அரை மணி நேரம் நடத்துங்கள். வருடம் இரண்டு தடவை குளம்பு சீவுங்கள்.

வயது வந்த காளைக்கு வாரம் இரண்டு மூன்று சேர்க்கை போதும். ஒன்றரை வயதுக் காளைக்கு வாரம் ஒன்று. திருவிழாவுக்குப் பந்தி வைத்ததுபோல் ஒரே நாளில் நாலு மாட்டுக்கு விட்டால் நாலாவது மாட்டுக்குக் கிடைப்பது வெறும் நீர்தான். அதோடு, காளையின் மகள்கள் பருவத்துக்கு வருவதற்கு முன்னால் காளையை மாற்றிவிடுங்கள். தகப்பனுக்கே மகளை விடும் தவறு சின்னப் பண்ணைகளில் சத்தமில்லாமல் நடக்கிறது.

புதுக் காளை வாங்கும்போது

பழைய காளை தேறவில்லை என்றால், புரூசெல்லா என்றால், தயங்காமல் கழியுங்கள். கழித்த காளையை இன்னொரு பண்ணைக்குப் பொலிகாளையாக விற்காதீர்கள். வாங்குபவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள்.

சந்தையில் காளை வாங்குவதைவிடத் தெரிந்த பண்ணையில் வாங்குங்கள். அங்கே அது போட்ட கன்றுகளைக் காட்டச் சொல்லுங்கள், கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள், நடக்க விடுங்கள், விதையைப் பாருங்கள். விந்து, ரத்தம், உறைக் கழுவல் மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். வந்ததும் ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். உன்னி மருந்து, குடற்புழு மருந்து, கோமாரித் தடுப்பூசி எல்லாம் அந்த மாதத்தில் முடியட்டும். தடுப்பூசி போட்டு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் அடித்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

பிறகு எல்லா மாடுகளையும் ஒரேயடியாக விடாதீர்கள். இரண்டு மூன்று ஈத்து கண்ட, எப்போதும் சுலபமாக நிற்கும் மாடுகள் மூன்றை மட்டும் முதலில் விடுங்கள். 21 நாள் பாருங்கள், 42 நாள் பாருங்கள். 60 நாள் தாண்டியதும் டாக்டரைக் கூப்பிட்டுக் கை போட்டுச் சினை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மற்ற மாடுகளுக்கு ஊசிதான். மூன்றில் இரண்டு நின்றிருந்தால் கயிற்றை அவிழ்க்கலாம்.